எப்போது கை காட்டினாலும் அதே ஆட்டோ

சென்னையில் கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்தபோது, வீடே கூட வருகிறது, இனி எதற்கும் வெளியே அலைய வேண்டாம் என்றார் என் கணவர். திருவரங்குளம் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்திய மறுநாளே அலைச்சல் ஆரம்பித்துவிட்டது. பாலுக்கும் காய்கறிக்கும் ஊருக்குள் போக வேண்டும். வேனோ அந்தச் சந்துகளில் நுழையாது. டவுன் பஸ் எப்போது வரும் என்று கேட்டால், "அது வாரப்ப வரும்" என்றார்கள். ஆகவே ஆட்டோதான்.

ரோட்டுக்கு வந்து எப்போது கை காட்டினாலும் அதே ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுகிறவர் சிரிக்க மாட்டார், கேள்வி மட்டும் கேட்பார். "எத்தன நாளைக்கு இருப்பீங்க?" "சார் என்ன வேல பாக்குறாரு?" "வண்டிக்கு அடியில பைப்பு ஒண்ணு தொங்குதே, அது எதுக்கு?" எனக்கு யாரையும் எடுத்த எடுப்பில் நம்பும் பழக்கம் கிடையாது. வண்டியில் என்ன இருக்கிறது, எப்போது ஆள் இருக்காது என்று நோட்டம் விடுகிறார் என்று முடிவு கட்டினேன். கணவரிடம் சொன்னேன். "பொழுது போகாம பேசுறாரு, விடு" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள்.

அன்று சாயங்காலம் தோசை மாவு வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆட்டோக்காரருக்கு ஒரு போன் வந்தது. பேசியபடியே கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆமா, அந்தம்மா என் ஆட்டோலதான் இருக்காங்க. கூட்டிக்கிட்டு வாரேன். அவர அங்கிட்டு இங்கிட்டு போக விடாதீங்க."

வேனில் கணவரும் எட்டு வயது மகளும் தனியாக இருந்தார்கள். கணவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. "யாரப் போக விடாம வச்சிருக்கீங்க?" என்றேன். "வந்து பாருங்க" என்றார். இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. குதித்தாலும் எங்கே ஓடுவது என்று தெரியவில்லை.

கரையில் வேனைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதாள். கணவர் கையில் மண்வெட்டி. பாத்திரம் கழுவிய தண்ணீர் கண்மாயில் கலக்கக் கூடாது என்று, வேனுக்குப் பின்னால் குழி வெட்டி, ஆட்டோக்காரர் கேட்ட அந்தப் பைப்பை அதற்குள் இறக்கியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் பூமிக்கு அடியிலிருந்து எரிவாயு எடுக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலைவெட்டியை விட்டுப் பந்தல் போட்டுப் போராடிய பக்கம் அது. வெளியூர் வண்டி, பைப்பு, குழி. வேறு என்ன வேண்டும்?

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து மகளைத் தூக்கிக்கொண்டேன். "நல்லா பாருங்க. அடுப்பு, கட்டில், கக்கூஸ். வேற என்ன இருக்கு?" என்று கத்தினேன். வயலிலிருந்து நேராக வந்திருந்த ஒரு பெண் உள்ளே ஏறி, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். இறங்கி வந்து, "குழிய மூடிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

"புள்ளைய வச்சுக்கிட்டு இருட்டுற நேரத்துல எங்க போறது?" என்றேன்.

"ஒங்களுக்கு வீடு வண்டியிலயே இருக்கு. எங்கிட்டு வேணாலும் போயிருவீங்க. மண்ணு போச்சுன்னா நாங்க எங்க போறது?"

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எனக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்து வெட்கமாகிவிட்டது. கணவர் குழியை மூடி மிதித்தார். அது போதாது என்று ஆட்டோக்காரர் வந்து இன்னொரு முறை மிதித்தார்.

பிறகு மெயின் ரோடு வரை எங்கள் பின்னாலேயே ஆட்டோவில் வந்தார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் வந்திருப்பேன்.