வெட்டி எறிந்த ஐம்பத்திரண்டு நொடிகள்

1. ஏழு நிமிடம்

கண் மருத்துவமனையின் கல்விப் பிரிவில் நான் பொறுப்பேற்ற முதல் நாள், மூத்த அறுவை மருத்துவர் தேன்மொழி மேடம் என் மேசைமேல் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்தார். உட்காரவில்லை. அடுத்த கேஸ் அவருக்காகக் காத்திருந்தது.

"இதுல மூணு வருஷத்து ஆபரேஷன் கெடக்கு. எல்லாம் மைக்ராஸ்கோப் கேமராவுல பதிவானது. நம்ம ஃபெல்லோஸ் பாக்குற மாதிரி பண்ணிக் குடுங்க. இருபது நிமிஷ வீடியோவ யாரும் முழுசாப் பாக்கறதில்ல."

"எத்தனை நிமிஷம் வேணும் மேடம்?"

"ஏழு. அதுக்கு மேல போனா எனக்கே பொறுமை இல்ல."

நான் படித்தது ஆப்டோமெட்ரி. பார்வையை அளக்கத் தெரியும், புரை இருக்கிறதா என்று சொல்லத் தெரியும்; கத்தி பிடித்ததில்லை. இலுப்பூரில் இருக்கும் எங்கள் கிளை மையத்தில் நான்கு ஆண்டுகள் பார்வை பரிசோதித்துக்கொண்டிருந்த என்னை, கணினியில் வீடியோ எடிட் செய்யத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காகப் புதுக்கோட்டைக்கு மாற்றினார்கள். அறுவைப் பயிற்சிக்காக வரும் இளம் கண் மருத்துவர்களை ஃபெல்லோ என்போம். அவர்கள் முதலில் ஆட்டுக்கண்ணில் பழகுவார்கள். பிறகு வீடியோக்களைப் பார்ப்பார்கள். அதன்பின் மேற்பார்வையில் மனிதக் கண்ணைத் தொடுவார்கள். நடுவில் உள்ள படி என் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. சும்மா இருப்பது சிறுவயதிலிருந்தே எனக்கு வராது. சினிமாவைக்கூட ஓட்டி ஓட்டிப் பார்ப்பவன் நான். திரையில் எங்கே எதுவும் நகரவில்லையோ, அங்கே என் விரல் தானாக வெட்டும்.

அப்படி நான் வெட்டியவற்றில் மேடமுடைய ஒரு சிக்கலான கேஸும் இருந்தது. புரை விழுந்த லென்ஸைப் புரோப் என்ற பேனா போன்ற கருவியால் உடைத்து உறிஞ்சி எடுப்பது பேக்கோ சிகிச்சை. அந்த லென்ஸைச் சுற்றி வெங்காயச் சருகைவிட மெல்லிய பை ஒன்று இருக்கிறது. செயற்கை லென்ஸ் அதே பைக்குள்தான் உட்கார வேண்டும். உடைக்கும்போது பையின் பின்சுவர் கிழிவதை ரெண்ட் என்பார்கள். எத்தனை தேர்ந்த கைக்கும் என்றாவது ஒருநாள் அது நேரும். கிழிந்தால், கண்ணின் பின்பகுதியில் இருக்கும் கூழ் முன்னால் வரப் பார்க்கும். அந்தக் கணத்தில் என்ன செய்வது என்று காட்டத்தான் அந்த வீடியோ.

மூலப் பதிவில் கிழிசல் தெரிந்ததும் கருவி அப்படியே நின்றது. ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்ளே வந்து, அதுவும் நின்றது. படம் உறைந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன்; மூலையில் கடிகார எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பத்திரண்டு நொடிகள். வெட்டினேன். அடுத்த காட்சியில் கருவி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒட்டு தெரியவே இல்லை.

மேடம் இரண்டு கேஸ்களுக்கு இடையில் அதைத் தன் போனில் வேகம் கூட்டிப் பார்த்தார். "நல்லா விறுவிறுன்னு இருக்கு. போட்டுடுங்க" என்றார். அந்தப் பாராட்டை நான் நெடுநாள் சுமந்து திரிந்தேன்.

2. இலுப்பூர் மினிபஸ்

இலுப்பூரில் வேலை பார்த்த காலத்தில் அன்னவாசல் மினிபஸ்ஸில்தான் நான் போய்வருவது. அதன் டிரைவர் பழனியப்பன். ஐம்பதைக் கடந்தவர். என்னைக் கண்டதும் கண்டக்டருக்குக் குரல் கொடுப்பார்.

"ஏப்பா, கண்ணு டாக்டரு ஏறட்டும், விசில் ஊதாத!"

"நான் டாக்டர் இல்லண்ணே."

"கண்ணாடி போட்டுக்கிட்டு இங்கிலீசுல எழுதுற எல்லாரும் எனக்கு டாக்டருதான்."

நான் புதுக்கோட்டைக்கு மாறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் என்னை மட்டும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "சாரு, பொழுது சாஞ்சா எதிர்ல வர்ற வண்டி லைட்டு பூப்பூவா விரியுது. வெளியில சொல்லிராதீங்க. லைசென்ஸ் ரினிவல் வருது. கண்ணு சர்ட்டிபிகேட் கேப்பான்."

மையத்துக்கு வரச்சொல்லிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம். முப்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டி அது. உடனே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றேன். அவர் தயங்கினார்.

"மொதலாளி ஒரு மாசம் பொறுப்பாரு. அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவாரு."

"ஒரு மாசத்துல நீங்க வண்டி எடுக்கலாம்ணே. நான் சொல்றேன்ல."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. பார்வையை அளக்கத் தெரிந்தவனுக்கு நாட்களை அளந்து சொல்லும் உரிமை இல்லை. என் சொல்லை நம்பி, அறுவடை முடிந்து பஸ்ஸில் கூட்டம் குறைந்ததும் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தார்.

3. இரண்டாம் டேபிள்

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு டேபிள்கள். முதலாவதில் மேடம், இரண்டாவதில் ஃபெல்லோ. சிக்கல் என்றால் மேடம் நான்கடி நடந்து வந்துவிடலாம். ஒப்புதல் படிவத்தில், மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர் செய்யக்கூடும் என்ற வரி உண்டு. பழனியப்பன் அதற்கு அடியில் கையெழுத்திட்டிருந்தார். படித்துவிட்டு இட்டாரா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் டேபிளில் அன்று டாக்டர் அருண். பொறுமையான கை என்று பெயரெடுத்தவர். என் அறை மானிட்டரில் அவருடைய கேஸ் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸின் கடைசித் துண்டை உறிஞ்சும்போது பையின் பின்சுவரில் ஒரு கீறல் விரிந்தது. மறுநொடியே கருவி சட்டென்று வெளியே வந்தது. கண்ணின் முன்னறை சுருங்கியது. பின்னாலிருந்து கூழ் பொங்கி, கருவி நுழைந்த வாசலுக்கே வந்து நின்றது.

எனக்கு முதலில் பயம் வரவில்லை; குழப்பம்தான் வந்தது. இதே காட்சியை, இதே வேகத்தில், நான் முன்பே பார்த்திருந்தேன்.

மேடம் டேபிள் மாறினார். கூழைச் சுத்தம் செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பையில் மிச்சம் இருந்ததை நம்பி அன்று லென்ஸ் வைக்க முடியாது என்று முடிவெடுத்தார். பழனியப்பன் வலது கண்ணில் லென்ஸ் இல்லாமல் வார்டுக்குத் திரும்பினார். இன்னொரு ஆபரேஷன் ஆறு வாரம் கழித்து. ஒரு மாதம் என்று நான் சொல்லியிருந்தேன்.

4. சனிக்கிழமைக் கூட்டம்

சிக்கலான கேஸ்களை வாரக் கடைசியில் எல்லா மருத்துவர்களும் கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். படம் ஓட்டுவது நான்.

"புரோப்ப ஏன் உடனே வெளிய எடுத்தீங்க?" என்று கேட்டார் மேடம்.

அருண் எழுந்து நின்றார். "மேடம், உங்க வீடியோல... ரெண்ட் ஆனதும் வெளிய வந்துடுது. நான் அதையே..."

"அது என் கையால செஞ்ச கேஸ் அருண். வீடியோ மேல பழி போடாதீங்க. மூணு மாசம் பேக்கோ வேண்டாம். ஆட்டுக்கண்ணுக்குத் திரும்பிப் போங்க."

பின்வரிசையில் யாரோ ஆட்டைப்போல மெல்லக் கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. அருணும் சிரிக்க முயன்றார்.

நான் படத்தை அணைத்தேன். கூட்டம் முடிந்ததும் அறைக்குப் போய் மூலப் பதிவைத் தேடினேன். இரண்டு முறை எழுந்து வராந்தாவில் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு நொடிகள் அங்கே அப்படியே இருந்தன. அதிலிருந்து நான் வெட்டியது எனக்கு மட்டுமே தெரியும். டிஸ்க் நிறைந்துவிட்டதென்று சொல்லி அழித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு மருத்துவரின் மூன்று மாதமும், பிறகு காலமெல்லாம் ஒட்டிக்கொள்ளும் 'அவசரக் கை' என்ற பெயரும் ஒரு பக்கம். என் வேலை மறுபக்கம். எதை எடுத்தாலும் பழனியப்பனின் கண்ணில் எதுவும் மாறாது. ஆனால் ஏழு நிமிட வீடியோ இன்னும் சர்வரில் இருந்தது. திங்கட்கிழமை வேறு யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு டேபிளில் உட்காருவார். இந்த எண்ணம் வந்ததும் முதலில் அந்த வீடியோவை நீக்கினேன். பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன்.

அவர் மூலப் பதிவை இந்த முறை அதன் இயல்பான வேகத்தில் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் நடக்கலைன்னு நெனச்சு வெட்டிட்டேன் மேடம்."

"ஒண்ணும் நடக்கலையா?" அவர் குரல் உயரவில்லை. "என் கால் இதுல தெரியாது. பெடல மிதிச்சு, கண்ணுக்குள்ள போற தண்ணி ஓட்டத்த நிறுத்தாம புடிச்சிருக்கேன். இடது கையால ஓரமா ஜெல் ஏத்தி, கூழ் முன்னால வராம தடுக்குறேன். அது நிரம்பினப்புறம்தான் புரோப் வெளிய வரணும். இந்த ஆபரேஷன்லயே நான் அதிகமா வேலை செஞ்ச நேரம் இதுதான்."

"அருண் அப்படியே நின்னிருந்தா?"

"கிழிசல் எப்படியும் இருந்திருக்கும். ஆனா நான் கையுறை மாத்திட்டு அந்த டேபிளுக்கு வர நேரம் கெடச்சிருக்கும். லென்ஸ் வச்சிருக்கலாமா? தெரியல. வச்சிருக்கலாம்னும் தோணுது." படத்தை நிறுத்தினார். "நானும் ஓட்டிப் பாத்துட்டுத்தானே ஓகே சொன்னேன். வாங்க. மொதல்ல அவர்கிட்ட சொல்லணும்."

5. "டியூசன் சென்டரா?"

வலது கண்ணில் பிளாஸ்டிக் கவசத்தோடு பழனியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி செல்வி. மேடமும் அருணும் முன்னால் நின்றார்கள், நான் கொஞ்சம் பின்னால். அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன சாரு, அங்கிட்டுப் பதுங்குறீங்க? இதுல ஒங்களுக்கும் பங்கா?"

"பங்குதாண்ணே."

வீடியோவை வெட்டியதை நான் சொன்னேன். பார்த்துச் சரி என்றதை மேடம் சொன்னார். கருவியை எடுத்ததை அருண் சொன்னார். பழனியப்பன் ஒவ்வொருவர் முகமாகத் திரும்பிக் கேட்டார்.

"அப்ப என் கண்ணு என்ன, ஒங்களுக்கு டியூசன் சென்டரா?"

"சும்மா இருங்க, டாக்டரம்மா முன்னாடி..." என்றார் செல்வி.

"நீ சும்மா இரு. முப்பது வருசமா இஞ்சின் சத்தத்தக் கேட்டே வண்டி ஓட்டுறவன் நான். அந்த மிசினு சத்தம் மாறுனப்பவே தெரியும், ஏதோ போச்சுன்னு. ஒருத்தரும் வாயத் தொறக்கல." அருணிடம் திரும்பினார். "தம்பி, கை நடுங்குச்சா?"

"இல்லண்ணே. பயந்துட்டேன்."

"பயந்தா பிரேக்க மிதிக்கணும். கதவத் தொறந்து குதிக்கிறதா?"

அருண் தலை குனிந்தார். யாரும் சிரிக்கவில்லை. மேடம் மட்டும், "அதேதான்" என்றார் மெதுவாக.

ஆறு வாரம் கழித்து மேடமே லென்ஸ் வைத்தார். கண்ணாடியோடு வலது கண் தேறியது. பிறகு இடது கண்ணும் ஆயிற்று. சர்ட்டிபிகேட் கிடைத்தது; நான் சொன்ன ஒரு மாதத்தில் அல்ல, ஐந்தாம் மாதத்தில். அதற்குள் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டார். இப்போது பழனியப்பன் பொன்னமராவதி ரூட்டில் வேறொரு வண்டி ஓட்டுகிறார். வீட்டிலிருந்து தூரம். செல்வி என்னிடம் இன்றுவரை பேசுவதில்லை. அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

அவருடைய ஆபரேஷன் பதிவைப் பாடத்தில் சேர்க்க அனுமதி கேட்டுப் போனபோது, வண்டியின் படியில் நின்றபடி அவர் சொன்னது: "பேரப் போடாதீங்க. கண்ணப் போட்டுக்கங்க. ஆனா ஒண்ணு, வெட்டாமப் போடணும்."

6. நிற்கும் படம்

அருணின் மூன்று மாதத் தடையை மேடம் அடுத்த கூட்டத்திலேயே, எல்லார் முன்னிலையிலும், காரணத்தைச் சொல்லி நீக்கினார். என் வேலையும் போகவில்லை. ஆனால் என் மேசைக்கு ஒரு விதி வந்தது: சிக்கலான கேஸில் எதை வெட்டினாலும் அதைச் செய்த மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அருணும் நானும் பல மதியங்கள் உட்கார்ந்து இரண்டு பதிவுகளையும் பாடமாக்கினோம். திரையின் மூலையில், கால் பெடல் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஒரு சிறு கட்டத்தைச் சேர்த்தோம். தெரியாத காலைத் தெரிய வைக்க எங்களுக்குத் தோன்றிய வழி அதுதான்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல ஒன்று இருக்கிறது. நமக்குப் புரியாத இடம் நமக்குச் சலிப்பாகத்தான் தெரியும். வெட்டுவதற்கு முன், அங்கே என்ன நடக்கிறது என்று அதைச் செய்தவரிடம் கேளுங்கள். நான் அதைக் கற்றுக்கொண்டதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

சென்ற வாரம் புதிய ஃபெல்லோக்களுக்கு அந்தப் பாடத்தை ஓட்டினேன். மேடமுடைய கேஸ். கிழிசல் வந்தது. கருவி நின்றது. பத்து நொடி போயிற்று. ஒருவர் போனை எடுத்தார். இன்னொருவர் கை தூக்கினார்.

"சார், வீடியோ ஸ்டக் ஆயிடுச்சு போல."

என் விரல் பழக்கத்தில் கீபோர்டை நோக்கிப் போனது. அதை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இல்ல. அந்த மூலைக் கட்டத்தப் பாருங்க" என்றேன். "இன்னும் நாப்பத்திரண்டு நொடி இருக்கு."