கலியபெருமாள் போடாத கையெழுத்து

செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை வந்தது. கலியபெருமாளின் மனைவிதான் பேசினார். "அண்ணே, அவுங்க போயிட்டாங்க" என்றார். மாரடைப்பு என்பது மேல்பட்டாம்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆபீஸ் முதலாளி மாலையோடு வந்திருந்தார். வேலையிலிருந்து அனுப்பிய பிறகு அவனை ஒருநாள்கூட விசாரிக்காதவர், தலைமாட்டில் நின்று "தங்கமான மனுஷன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அங்கே வாய் திறக்கும் யோக்கியதை எனக்கும் இல்லை.

அவனைத் தெரிந்தவர்களுக்கு அவன் வேலையும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கோப்பை இன்னார்தான் அனுப்பினார், வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதிசெய்வது டிஜிட்டல் கையெழுத்து. அதற்கான ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றை, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து பராமரித்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஓடும்படி கம்பைல் செய்து, சோதித்து, தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பால் கையெழுத்திட்டு வெளியிடும் பொறுப்பு, மஞ்சக்குப்பம் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவனுடையது.

ஒருமுறை சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அதை நிறுவிக் காட்டப் போனோம். கம்பைல் முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். இவன் அவர்களை அடக்கி, 'மேக் செக்' என்று அடிக்கச் சொன்னான். சோதனைகள் ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. சாப்பாடு ஆறிப்போகிறதே என்று முணுமுணுத்தேன். "கட்டி முடிச்சா மட்டும் வூடு ஆயிடாது மச்சான். தண்ணி ஊத்திப் பாரு, ஒழுவுதான்னு" என்றான்.

அப்படிப்பட்டவன் செய்த ஒரே தவறு என்னை நம்பியதுதான். தன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஒரு வெளியீடு பாக்கி இருந்தது. சாவியின் பிரதியையும் பாஸ்வேர்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு, செக் ஓட்டாமல் போட்டுவிடாதே என்று மட்டும் சொல்லிப் போனான். எனக்கோ நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அண்ணாகிராமத்தில் மச்சினி மகளுக்குக் காதுகுத்து. செக் ஓட்டாமலே அவன் கையெழுத்தைப் போட்டு வெளியிட்டேன்.

ஓட்டியிருந்தால் அங்கேயே தப்பு என்று சிவப்பாகக் காட்டியிருக்கும். சில கம்ப்யூட்டர்களில் அந்த லைப்ரரி பொய்க் கையெழுத்தையும் செல்லும் என்றது. பத்து நாளில் யாரோ கண்டுபிடித்தார்கள். வெளியிட்டது யார் என்று பார்த்தால் கலியபெருமாளின் கையெழுத்து. அந்த லைப்ரரிக் குழுவிலிருந்து அவனை நீக்கினார்கள். ஆபீசிலும் ராஜினாமா எழுதி வாங்கினார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். "சாவிய உன்கிட்ட குடுத்தேன்னு சொன்னா அது இன்னும் பெரிய தப்பு. என் வேலை எப்புடியும் போச்சு, ஒனக்கும் போவணுமா? வுடு மச்சான்" என்றான். தன் சாவியை ரத்து செய்தான். என்னிடமிருந்த பிரதியையும் அழிக்க வைத்தான். நான் இரண்டாவது தடவை வற்புறுத்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வசதியாக இருந்தது. பிறகு அவன் நெல்லிக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தான். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கடை தெரியாத பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வேன்.

பால் தெளித்த மறுநாள் அந்தக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். உடனே பதில் வந்தது. என் நட்பை மதிக்கிறார்களாம். ஆனால் அந்த வெளியீட்டை மறுபடியும் சரிபார்த்தார்களாம், கையெழுத்து அவருடையதுதானாம். ஒருவர் போட்ட கையெழுத்தை இன்னொருவர் தலையில் கட்ட முடியாதபடி செய்யத்தான் அந்த லைப்ரரியே. அது இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது.

அவனைத் தெரிந்த நீங்களாவது நம்புங்கள். அன்று கையெழுத்துப் போட்டவன் நான். அவனிடமிருந்து எனக்கு வர வேண்டிய பாக்கி, அவன் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட என் தப்பு ஒன்றுதான். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் போனேன். கொடுக்க ஆள் இல்லை.