டிரைவர் எசென்குல் தூங்கிய காலை

நாடகக் குழுவின் பஸ்ஸை ஓட்ட வருவதற்கு முன்னால் எசென்குல் பல வருஷம் நிலக்கரி லாரி ஓட்டினார். அந்த லாரியில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. ஆள் நீளத்துக்கு அது போதாது, முழங்காலை மடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். வெளியே பனிக்காற்று ஊளையிடும், பக்கத்து லாரியில் நாலு பேர் சீட்டாடிக் கத்துவார்கள். அவரோ அடித்துப் போட்டாற்போலத் தூங்குவார். நாடகக் குழுவில் வேலை கிடைத்தபோது அவர் மனைவி கலிச்சா, "இனிமே ஊர் ஊரா ஓட்டல் கட்டில், வெள்ளை விரிப்பு, வெந்நீர். மாப்பிள்ளை மாதிரி தூங்கப் போறீங்க" என்று கேலி செய்தாள்.

நடந்தது நேர்மாறு. வெள்ளை விரிப்பில் முதுகு பட்டதுமே அவருக்குத் தூக்கம் கலைந்துபோகும். முதலில் விடுதிகளைத்தான் குறை சொல்லிப் பார்த்தார். நாரினில் ஜன்னலைப் பெயிண்ட் அடித்தே மூடியிருந்தார்கள், ரூம் அடுப்பாகக் கொதித்தது. பத்கெனில் தலையணை மாவு மூட்டை கணக்காக இருந்தது. பாலிக்சியில் மாடிக்குப் பொறுப்பான அம்மாள் விடிய விடிய டிவியில் தொடர் பார்த்து மூக்கைச் சிந்தினாள். எல்லாம் நிஜம்தான், ஆனால் காரணம் அதுவல்ல என்று அவருக்கே தெரியும். காரணம் வாசலில் நின்ற பஸ். லாரியில் படுத்த காலத்தில் வண்டி அவரைச் சுற்றி இருந்தது. இப்போது வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். டீசலை உறிஞ்சிவிடுவார்களோ, பேட்டரியைக் கழற்றிவிடுவார்களோ என்று சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்ப்பார். பத்கெனில் ஒருமுறை பக்கக் கண்ணாடி இரண்டும் காணாமல் போன பிறகு இது வியாதியாகவே ஆகிவிட்டது. பஸ்ஸிலேயே படுத்தும் பார்த்தார். மாசி மாதக் குளிரில் புருவமெல்லாம் பனி பூத்துக் கிடந்தவரைக் கண்டு, குழுவின் இயக்குநர் ஷாமிர்பெக் ஆடிப்போய், இனி ராத்திரியில் பஸ்ஸில் படுக்கவே கூடாது என்று தடை போட்டுவிட்டார்.

ஒரு வசந்த காலப் பயணத்தில், நாரினில் நாடகம் முடிந்த மறுநாள் காலை, பஸ் தொலோன் கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். முன் சீட்டில் சாய்ராகான் மட்டும் விழித்திருந்தாள். குழுவிலேயே மூத்த நடிகை, மாமியார் வேஷங்களுக்குப் பேர்போனவள். ஒரு வளைவில் பஸ்ஸின் வலது சக்கரம் தார்ச்சாலையை விட்டுச் சரளையில் கரகரவென்று ஏறியது. எசென்குல் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கி, பாறை மறைவில் மிச்சமிருந்த பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டார்.

சாய்ராகானும் பின்னாலேயே இறங்கி வந்தாள்.

"கண்ணை மூடினியா?"

"சிமிட்டினேன் அக்கா."

"எத்தனை வருஷமா மேடையில செத்து விழுந்துக்கிட்டிருக்கேன். சிமிட்டுறது எது, மூடுறது எதுன்னு எனக்குத் தெரியாதா? நேத்து ராத்திரி எவ்வளவு தூங்கின?"

எசென்குல் இன்னும் கொஞ்சம் பனியை அள்ளினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. பஸ்ஸுக்குள் ஏறிக் கைதட்டினாள்.

"எல்லாரும் கீழ இறங்குங்க! டிரைவர் தூங்கப் போறார்."

"இங்கேயா? சாயங்காலம் கொச்கொர்ல நாடகம் இருக்கு!" என்று ஷாமிர்பெக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நாம உயிரோட போய்ச் சேர்ந்தாத்தானே நாடகம்? இல்லேன்னா ஒப்பாரிதான். அதையும் நானே பாடணும்."

அன்று அவர்கள் சரிவில் வெயில் காய்ந்தபடி உட்கார்ந்திருக்க, எசென்குல் பின் சீட்டில் தூங்கினார். கொச்கொரில் சனங்கள் காத்திருந்தார்கள்; திரை தாமதமாகத்தான் உயர்ந்தது. நடந்தது எல்லோருக்கும் தெரிந்துபோனதால், அந்த இரவு முதல் டிரைவரின் தூக்கம் குழுவின் பொதுக் காரியமாகிவிட்டது.

அவர்கள் காட்டிய அக்கறை அவரைக் கொல்லாத குறை. நாடகம் முடிந்தால் பாட்டும் குடியுமாகக் கூத்தடிக்கிறவர்கள், அன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். எசென்குல்லோடு ஒரே ரூமில் படுக்கும் குபான், குழுவின் கோமாளி, குறட்டைக்காக வேறு ரூமுக்கு நாடு கடத்தப்பட்டான். ஒருத்தி சுடச்சுடப் பால் கொண்டுவந்தாள். இன்னொருத்தி தேன் கொண்டுவந்தாள். பாட்டுக்காரி தாலாட்டுப் பாடட்டுமா என்று கேட்டாள். கதவைச் சாத்திய பிறகும் வெளியே குசுகுசுப்பு ஓயவில்லை.

"தூங்கிட்டாரா?"

"உஷ்! பேசாதடி."

"நீங்கதான் பேசுறீங்க."

"நான் பேசக் கூடாதுன்னுதானே பேசுறேன்!"

எசென்குல் நெஞ்சின் மேல் கை வைத்து, ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி மேலே பார்த்தபடி கிடந்தார். இத்தனை பேர் எதிர்பார்க்கும்போது மனுஷன் எப்படித் தூங்குவான்? காலையில் சாய்ராகான் கேட்டாள், "நல்லா தூங்கினியா?"

"அக்கா, சாவு வீட்டுல கூட இதைவிடச் சத்தம் இருக்கும். அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியைக் கேட்டுக்கிட்டே விடிஞ்சு போச்சு."

அதனால் அடுத்த பயணம் பாதி பாதியாகத்தான் நடந்தது. கொஞ்ச தூரம் ஓட்டுவது, நிறுத்தித் தூங்குவது. இப்படியே சூசாமிர் புல்வெளியைத் தாண்டி, அடுத்த கணவாயும் ஏறி இறங்கி, தொக்தோகுல் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பூருல் என்ற அம்மாள் நடத்தும் விடுதி. தாட்டியான உடம்பு, வாய் நிறையத் தங்கப்பல், எந்நேரமும் இடுப்பில் ஒரு ஏப்ரன். எசென்குல் வழக்கம்போல, வாசலைப் பார்த்த ரூம் வேண்டும் என்று கேட்டார்.

பூருல் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "வாசப்பக்கம் ராத்திரி பூரா லாரி போகும். விளக்கு வேற மூஞ்சியில அடிக்கும். எதுக்கு அது?"

"வண்டி கண்ணுல படணும்."

"எல்லா டிரைவரும் இதையேதான் சொல்றீங்க. வண்டிக்குக் காவல் இருக்கணும்னா காவல்காரன் வேலைக்குப் போங்களேன். தூங்குறதுக்கு என்கிட்ட வந்துட்டு, முழிச்சிருக்க ரூம் கேட்டா நான் எங்க போவேன்?"

"பத்கென்ல கண்ணாடியைக் கழட்டிட்டுப் போயிட்டாங்கம்மா."

"பத்கென்ல என் நாய் இல்ல."

அவள் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். கொட்டகைக்குப் பின்னாலிருந்து கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் அசைந்து வந்தது. காது இரண்டும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. தலை ஒரு பெரிய பானை அளவு. பூருல் அதைப் பஸ்ஸின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பஸ்ஸைத் தட்டிக் காட்டி, "இது" என்று மட்டும் சொன்னாள். நாய் பஸ்ஸை ஒருமுறை சுற்றி மோந்து பார்த்தது. படிக்கு முன்னால் வந்து படுத்துக்கொண்டது.

"ஆச்சு. இனிமே வண்டி அவன் பொறுப்பு. நீங்க பின்பக்கம் வாங்க."

பின்பக்க ரூமுக்கு வெளியே சர்க்கரை பாதாமிப் பழ மரங்கள்தான். எசென்குல் கட்டிலைக் கையால் அமுக்கிப் பார்த்து முகம் சுளித்ததைப் பூருல் கவனித்தாள். இரண்டு பருத்தி மெத்தைகளை எடுத்துவந்து தரையில் விரித்தாள். திரைக்கு மேல் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டாள், ஜன்னலை நாலு விரல் அளவுக்குத் திறந்து வைத்தாள். "சாப்பாட்டோட கடுந்தேநீர் குடிச்சீங்களா? குடிச்சிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படுத்துக் கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எசென்குல் பழக்கதோஷத்தில் எழுந்துபோய்க் கம்பளியை விலக்கினார். மரங்கள் நின்றன. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. வாசல் பக்கமிருந்து ஒரே ஒரு உறுமல் மட்டும் வந்தது. தொண்டைக்குள்ளேயே உருண்டு அடங்கிய உறுமல். 'சரி, அவன் பார்த்துக்குவான்' என்று நினைத்தபடி திரும்பி வந்து படுத்தார். அந்த நினைப்பு முடிந்ததா இல்லையா என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.

காலையில் புறப்படும் நேரம் வந்தது. ஷாமிர்பெக் பெட்டியும் கையுமாகப் பஸ்ஸை நெருங்கினார். நாய் எழுந்து நின்றது. அவர் நின்றார். ஒரு அடி எடுத்து வைத்தார். நாய் பல்லைக் காட்டியது. அவர் வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பூருலைத் தேடினால் ஆள் இல்லை. விடிந்ததுமே சந்தைக்குப் போய்விட்டாளாம். போன் அடித்தார்கள், அது சமையலறையில் மாவு டப்பாவின் மேல் கிடந்து மணியடித்தது.

குபான் முதலில் ஒரு துண்டு ஆட்டிறைச்சியை வீசினான். நாய் அதை மரியாதையாகத் தின்றுவிட்டு மறுபடியும் உறுமியது. பிறகு அவன் கொடியில் காய்ந்த பூருலின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தலைக்குத் துணி சுற்றி, இடுப்பை ஆட்டி ஆட்டி, அவள் குரலிலேயே "வாடா கண்ணு" என்று போனான். சிரிப்பு தாங்காமல் பெண்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்தார்கள். நாயும் ஒரு கணம் குழம்பித் தலையைச் சாய்த்தது. கிட்டே வந்து மோந்து பார்த்தது. அடுத்த கணம் ஏப்ரனில் பாதி அதன் வாயில் இருந்தது, குபான் வாசல் மரத்தில் இருந்தான்.

கடைசியாக சாய்ராகான் போனாள். இடுப்பில் கை ஊன்றி, மூன்று ஊருக்குக் கேட்கிற மாமியார்க் குரலில், "யாரைப் பார்த்துடா பல்லைக் காட்டுற? உன்னை மாதிரி எத்தனை மருமகளைப் பார்த்தவ நான், தெரியுமா? எந்திரி! நகரு! வெக்கம் கெட்டவனே, போடா அந்தப் பக்கம்!" என்றாள். நாய் காதில்லாத தலையைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, அப்படியே தரையோடு படுத்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் படியில் கால் வைத்ததும் நாய் எழுந்து நின்றது.

"எசென்குல் அண்ணனை எழுப்புங்க. அவர் வண்டிதானே, அவரை விடும்" என்று குபான் மரத்திலிருந்து கத்தினான்.

சாய்ராகான் ஒரு முக்காலியை இழுத்து, பின்பக்க ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "யாரும் எழுப்பக் கூடாது. வண்டி கிளம்பப் போறதில்ல. கிளம்பாத வண்டிக்கு டிரைவர் எதுக்கு?"

வேறு வழியில்லை. சமையலறையில் இருந்த பணியாரத்தையும் பாலாடையையும் எடுத்துவந்து முற்றத்தில் விரித்தார்கள். அந்த நேரத்தில் கதவுக்குப் பின்னால் ஒருவர் தூங்குகிறார் என்பதே அவர்களுக்கு மறந்துபோனது. பேசினார்கள், பாடினார்கள், பழைய சண்டை ஒன்றைத் தோண்டி எடுத்து மறுபடியும் சண்டை போட்டார்கள். ஷாமிர்பெக் கூடக் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார்.

எசென்குல் விழித்தபோது கம்பளியின் ஓரத்தில் வெயில் மஞ்சளாக எரிந்தது. உடம்பு லேசாக இருந்தது. அது தன்னுடைய உடம்புதானா என்று கையைக் காலை அசைத்துப் பார்த்தார். பிறகுதான் நேரம் உறைத்தது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க, ஏன் எழுப்பல?" என்றவரைப் பார்த்து மொத்தக் குழுவும் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசை ரசிகர்கள் தட்டுவது மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் பூருல் கூடையோடு வந்து இறங்கினாள். பாதி ஏப்ரனையும், மரத்தில் இருந்த குபானையும், நாயையும் பார்த்தாள்.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேனே. 'போதும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நகர்ந்திருப்பானே."

ஷாமிர்பெக் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலையிலேர்ந்து எல்லா வார்த்தையும் சொல்லிப் பார்த்துட்டோம்மா. அந்த ஒண்ணுதான் வாயில வரல."

அன்று ஜலாலாபாத் போகிற பாதையை எசென்குல் ஏதோ புதுப் பாதை மாதிரி ஓட்டினார். பள்ளத்தாக்கில் நாரின் ஆறு பச்சையாக ஓடியது. அதன் நிறம் பச்சை என்பதை இத்தனை நாள் கவனித்ததில்லை. வளைவுகள் ஒவ்வொன்றும் முன்கூட்டியே அவர் கைக்கு வந்து சேர்ந்தன. பின்னால் யாரும் தூங்கவில்லை. முன் சீட்டில் சாய்ராகான்தான் வாயைத் திறந்தபடி தூங்கினாள்.

சாயங்காலம் அரங்கில் நாடகம் தொடங்கியதும், வழக்கப்படி அவர் பஸ்ஸின் பின் சீட்டில் போய் நீட்டிப் படுத்தார். இரவுத் தூக்கத்தில் விட்டதைப் பிடிக்கும் நேரம் அது. ஆனால் விட்டது எதுவும் இல்லாததால் தூக்கம் வரவில்லை. புரண்டு பார்த்தார். எழுந்து அரங்குக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். குழுவின் நாடகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மேடையில் சாய்ராகான் மாவுப் பெட்டியின் சாவியை மருமகளிடமிருந்து ஒளித்துவைத்து, ஒளித்துவைத்த இடத்தை மறந்து, வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கால் வலி என்று முனகுகிற அதே சாய்ராகான். எசென்குல் முதலில் வாய்க்குள் சிரித்தார். பிறகு முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கடைசியில் அவள் தனியாக உட்கார்ந்து, சாவி தன் கழுத்திலேயே தொங்குவதைக் கண்டு மெல்ல அழத் தொடங்கியபோது, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது அவள் கேட்டாள், "பின்னாலேர்ந்து கழுதை கணக்கா சிரிச்சது நீதானே?"

"நான்தான் அக்கா. இத்தனை வருஷமா இதையா ஏத்திக்கிட்டுப் போயிட்டிருந்தேன்? எனக்குத் தெரியவே தெரியாதே!"

அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் நாய் கிடைத்துவிடவில்லை. ஆனால் வண்டியை யாரிடமாவது ஒப்படைத்தால்தான் தூக்கம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நாரினில் தீயணைப்பு நிலையத்து முற்றத்தில் பஸ்ஸை விடுவார். ஓஷில் இரவெல்லாம் ரொட்டி சுடுகிற அடுப்புக்காரர்களிடம் விடுவார். விடிகாலையில் சூட்டோடு ரொட்டியும் கிடைக்கும். விடுதிக்குப் போனால் பின்பக்க ரூம், தரையில் மெத்தை, ஜன்னல் நாலு விரல் திறப்பு. சாப்பாட்டோடு கடுந்தேநீர் கிடையாது. குபான் திரும்பவும் அவரோடு ஒரே ரூமுக்கு வந்துவிட்டான். அவன் குறட்டை அவருக்குக் கேட்பதே இல்லை. அவர் குறட்டையால் தனக்குத்தான் தூக்கம் போயிற்று என்று அவன் இப்போது புகார் சொல்கிறான்.

நாடகம் எதையும் விடுவதில்லை. பார்த்துப் பார்த்து எல்லோருடைய வசனமும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அந்த இலையுதிர் காலத்தில் ஓஷ் அரங்கு நிரம்பி வழிந்த ஒரு மாலை, குபான் வசனத்தின் நடுவில் மறந்துபோய் வாயைத் திறந்தபடி நின்றான். திரைக்குப் பின்னால் எடுத்துக்கொடுக்க வேண்டியவன் வசன ஏட்டைத் தொலைத்துவிட்டுத் தடவிக்கொண்டிருந்தான். அப்போது கடைசி வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குரல் அந்த வரியைச் சொன்னது. சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. குபான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினான்.

"கேட்டீங்களா மக்களே? எங்க டிரைவர் முழிச்சிருக்கார்!"