டாக்டரிடம் காட்டாத பிளேட்

போன வாரம் ஒருநாள் காலையில் லேப்பில், ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் முந்தைய நாள் கல்ச்சர் பிளேட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் மருத்துவமனையில் நீண்ட காலம் தொற்றுநோய், நுண்ணுயிரியல் மருத்துவராக இருந்த டாக்டர் செல்வநாயகம் காலமாகிவிட்டார். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. இனி அவரிடம் சொல்லவே முடியாது என்ற பயம். அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அவருடைய விசாரிப்பு உங்களுக்கெல்லாம் தெரியும். ரத்தம் லேப்புக்கு வந்ததும் வார்டுக்கு போன் போட்டுவிடுவார். "வயசு போட்டிருக்கு, தொழில் போடலையே. எந்த ஊரு? வயக்காட்டுல செருப்புப் போடுவாரா? சர்க்கரை இருக்கா?" மாப்பிள்ளைக்கு விசாரிக்கிறார் என்று டியூட்டி டாக்டர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பழக்கம் ஒரு சாவுக்குப் பிறகு வந்தது.

சாணார்பட்டிப் பக்கம் தக்காளி போட்டிருந்த முத்தையா விடாத காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். அவர் ரத்தத்தைப் பிளேட்டில் இட்டபோது ஏதோ கிருமி வளர்ந்தது. "வெளியில இருந்து கலந்ததா இருக்கும்மா. இன்னொரு தடவை ரத்தம் கேளுங்க" என்றார் டாக்டர். சனிக்கிழமை பார்த்தால் இரண்டாவது ரத்தத்திலும் அதேதான் வளர்ந்திருந்தது. எது வளர்ந்தாலும் அவரிடம் காட்டாமல் எறியக் கூடாது என்பது எங்கள் லேப் வழக்கம். இதையும் கலப்பு என்றுதான் சொல்லப்போகிறார் என்று நானே முடிவுகட்டி அந்தப் பிளேட்டைக் கழிவுப் பையில் போட்டேன். சின்னாளபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரம் வேறு.

திங்கட்கிழமை முத்தையா இறந்துபோனார். அன்று டாக்டர், ஒதுக்கி வைத்திருந்த முதல் பிளேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். அதற்குள் அதில் வளர்ந்திருந்த கிருமி சுருக்கம் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தது. ஈர மண்ணில் வாழும் கிருமி. சர்க்கரை உள்ள விவசாயிகளை அதிகம் தாக்கும். அதற்கு மருந்தே வேறு.

"ரெண்டாவதுல என்னம்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வளரலை சார்" என்றேன்.

இரண்டு முறையும் ஒன்றே வளர்ந்தால் அது கலப்பாக இருக்காது. நான் காட்டியிருந்தால் சனிக்கிழமையே மருந்தை மாற்றியிருப்பார்.

காரியம் முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு முத்தையா வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி பேச்சியம்மாளிடம், "தப்பு என் மேலதாம்மா" என்றார். நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய்வந்தார். கூப்பிட்டபோதெல்லாம் வேலையைச் சாக்குச் சொன்னேன். எத்தனையோ நாள் அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். கோழைத்தனம், வேறென்ன.

டாக்டரை அடக்கம் செய்த மறுநாள் சாணார்பட்டிக்கு பஸ் ஏறினேன். பேச்சியம்மாள் மொச்சை உரித்தபடியே முழுவதையும் கேட்டார். கடைசியில் கையை நிறுத்தினார்.

"என் வீட்டுக்காரரு போயிட்டாரு. இனிமே நீ சொல்லி என்ன ஆகப்போகுது தாயி. அந்த டாக்டரு வருசா வருசம் வந்து அம்புட்டு நேரம் தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பாக. அவுககிட்ட சொல்லிருக்கலாமே."

டாக்டர் விட்டுப்போனதில் எனக்கென்று இருப்பது அந்தக் குனிந்த தலைதான். ஒரு வார்த்தையில் நான் அதை நிமிர்த்தியிருக்கலாம்.