சோப்பு நுரையும் பிரஷரும்

பர் துபாயில் எங்கள் ஃப்ளாட்டின் ஏசி குளிரவில்லை. வந்த மெக்கானிக் ராமநாதபுரத்துக்காரர். "கேஸ் பிரஷர் கம்மி, சிஸ்டர்" என்றார்.

நான் கிளினிக் நர்ஸ். பிரஷர் என்றால் எனக்கு ரத்தம்தான். வீட்டில் என்றால் குக்கர்.

"ஏத்திடுங்கண்ணே."

"லீக் எங்கன்னு பாக்காம ஏத்துனா மறுபடி இறங்கிடும்." குழாய் முழுக்க பிரஷ்ஷால் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்தார். இப்படியும் கண்டுபிடிக்கலாமா என்று எனக்கு ஆச்சரியம்.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வீட்டில் இருந்த கருவியை எடுத்து அவருக்கு ரத்த பிரஷர் பார்த்தேன்; நூற்று எழுபது.

"பிரஷர் மாத்திரை போடுறீங்கள்ல? விடாமப் போடுங்க."

"போடுறேன். எதனால ஏறுதுன்னு பாக்க மாட்டீங்களா, சிஸ்டர்?"

பதினோரு வருஷமாக அளந்து, எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டே பழகியவள் நான். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்கண்ணே. சரியாத் தூங்குறீங்களா?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பேசி முடித்தபோது குழாயில் நுரை காய்ந்துபோயிருந்தது.