அரை மணி நேர முதுமை

விருதுநகர்ப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், பல்செட் கட்டும் பிரிவில் பாடம் நடத்துகிறேன். வயதானவர்களின் சிரமம் மாணவர்களுக்குப் புரியட்டும் என்று சென்ற வருடம் ஒரு பயிற்சி தொடங்கினேன். அரை மணி நேரம் அவர்களே வயதானவர்களாக வேண்டும். வாஸலின் பூசி மங்கலாக்கிய கண்ணாடி, காதில் பஞ்சு, முழங்காலை மடக்கவிடாத கட்டு, கணுக்காலில் மணல் பை. எல்லாம் நாங்களே தயார் செய்தவை.

முதலில் முன்வந்தவள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி. சிவகாசியில் அச்சகம் நடத்தும் குடும்பத்துப் பெண். கை வேகம், வாய் அதைவிட வேகம். முந்தின வாரம் தாயில்பட்டிப் பெரியவர் ஒருவருக்கு அளவெடுக்கும்போது, சொன்னதைச் செய்யவில்லை என்று எரிச்சலாகி, அவருடைய கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

அன்று அந்தப் பெரியவரும் பல்செட் மாட்டிக்கொள்ள வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டாசு கம்பெனியில் வெகுகாலம் வேலை பார்த்தவர். எங்கள் பயிற்சி அவருக்குத் தெரியாது.

ஆள் அடையாளம் தெரியாதபடி தொப்பியும் முகக்கவசமும் மாட்டியிருந்த மாணவி தடுமாறி நடந்து வந்தாள். டாக்டராக நடித்த சக மாணவன் முகக்கவசத்தோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, நாற்காலியில் உட்காரச் சொன்னான். அவள் திரும்பவேயில்லை. சத்தம் போட்டும் பார்த்தான். நடு ஹாலில் அப்படியே நின்றாள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

பெரியவர் எழுந்து போனார். அவளுக்கு நேர் எதிரே நின்று, கையைப் பிடித்து, நிதானமாகச் சொன்னார்: “பைய வாங்க. இங்கன படி இருக்கு. என் தோளப் பிடிச்சுக்கோங்க.”

அவளை உட்காரவைத்த பிறகுதான் அந்தப் பையனிடம் திரும்பினார். “பின்னால நின்னு வாய மூடிக்கிட்டுப் பேசினா எங்களுக்கு எப்பிடி வெளங்கும்? ஒதட்டப் பாத்தாத்தானப்பா தெரியும்.”

அவள் கண்ணாடியையும் முகக்கவசத்தையும் கழற்றினாள். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“நீயா தாயி? போன வாரம் நல்லாத்தான இருந்த” என்று பதறிப்போனார்.

விஷயத்தைச் சொன்னதும் பல்லில்லாத வாயைத் திறந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஹாலே சிரித்தது. அவள் மட்டும் சிரிப்பின் நடுவே, எந்தக் காது கேட்காது என்று அவரிடம் கேட்டாள். இடது காது, வெடிச் சத்தத்தில் போயே போச்சாம். கேஸ் ஷீட்டை வாங்கி, தான் எழுதியதை அடித்துவிட்டு, ‘இடது காது கேட்காது; எதிரே நின்று பேசவும்’ என்று எழுதினாள்.

பிறகு அவளே பல்செட்டை மாட்டிவிட்டாள். புதுப் பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, எங்கள் ஊர்க்காரர்களைச் ‘சிவகாசி’ என்று சொல்லச் சொல்வேன். கோளாறு இருந்தால் விசில் வரும். அவர் சொன்னார். நன்றாகவே விசில் வந்தது.

“ராக்கெட்டு கெளம்புது தாயி” என்றார்.

அவள் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, எதிரே வந்து உதட்டசைத்துச் சொல்லிக்காட்டினாள். பல்செட்டைக் கழற்றிக் கொஞ்சம் ராவினாள், மறுபடி மாட்டினாள். மூன்றாவது தடவை சுத்தமாக வந்தது. அவருக்கு அது போதவில்லை. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பஸ் கண்டக்டர் மாதிரி ஊர் ஊராகக் கூவ ஆரம்பித்தார். பெஞ்சில் இருந்த மற்ற நோயாளிகளும் விடுபட்ட ஊர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.