பன்னிரண்டு வருடத் தூசி

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு மனைவி வாக்குவம் கிளீனரை என் கையில் தந்தாள். எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது அப்போதுதான்.

அதற்கு முதல் நாள் முழுவதும், ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் கூடத்தை ஹொலிவூட் படக் குழுவினர் பாழாக்கியிருந்தார்கள். கதைப்படி அது பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீடு. சாம்பல் நிறப் பொடியை ஊதித் தூசி படியவைத்தார்கள். ஏதோ பசையை இழுத்து இழுத்துச் சிலந்திவலை பின்னினார்கள். தொண்ணூறுகளில் அமெரிக்கக் கதைகளுக்கு ரொறன்ரோவில்தான் வீடு தேடுவார்கள். எங்கள் வீட்டைப் பிடித்துக் கொடுத்தவள் மகள். கணக்கியல் படிப்பை விட்டுவிட்டு, தயாரிப்பாளராக வருவேன் என்று சொல்லி, அவர்களுக்குக் கோப்பி வாங்கிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். இது சரிவந்தால் நிரந்தர வேலை. சரிவராவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் சேர்த்து நானே யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டையும் தொடக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். அவர்களுடைய லைற்றையோ வயரையோ நாங்கள் விரலாலும் தொடவில்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, உந்தக் குப்பைக்குள்ள விளக்குக் கொளுத்தவோ?" என்றாள் மனைவி.

"அது அவையள் போட்ட குப்பையப்பா."

"ஆர் போட்டாலும் வீடு எங்கட தானே!"

நான் மெசினைப் போட்டேன். சிலந்திவலைகள் சர்ரென்று குழாய்க்குள் போனபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனைவி மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாம்பிராணி போட்டாள்.

மகள் கோப்பித் தட்டோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா... வேர் இஸ் மை டஸ்ற்?"

"மெசினுக்குள்ள பத்திரமா இருக்கு, பிள்ளை. திருப்பிக் கொட்டட்டோ?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிற்கவே இல்லை. பிள்ளைக்கு மூளை பிசகிவிட்டது என்று நான் பயந்துவிட்டேன். திடீரென்று குசினிக்குள் ஓடி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த போனை எடுத்தாள். கதாநாயகி வந்து வீட்டைக் கூட்டித் துடைத்து முடித்தபின் வரும் காட்சி சனிக்கிழமைக்கு இருந்ததாம். அதை இன்றைக்கு இழுத்து, தூசிக் காட்சியை நாளைக்குத் தள்ளினாள். நடிகைக்கு, ஒப்பனைக்காரருக்கு, சாப்பாட்டுக்காரருக்கு என்று எல்லோருக்கும் அவளே சொன்னாள்.

பத்து மணிக்குப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெயிலில் சாம்பிராணிப் புகை சுருள்வதைக் கமராக்காரர் ஆசையாகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் தயாரிப்பாளர் விமான நிலையத்தில் இருந்து வந்திறங்கினார். நரைத்த தலை அம்மா ஒருவர், சப்பாத்துக் காலில் பனி.

"காட்சிகளை நாள் மாற்றியது யார்?"

மனைவி வடைத் தட்டோடு என் பின்னால் ஒளிந்தாள். மகள் கையை உயர்த்தினாள்.

"யாரைக் கேட்டு மாற்றினாய்?"

"கேட்க நேரமிருக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, நல்ல நாள் என்று வீட்டில் தூசியைத் துடைத்துவிட்டார்கள்."

அந்த அம்மா எட்டி ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

"திங்கட்கிழமை என் அலுவலகத்துக்கு வா. கோப்பியை இனி வேறு யாராவது கொண்டுவரட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மிக மரியாதையாகக் கேட்டார்:

"நாளைக்கும் உங்களுக்கு ஏதாவது நல்ல நாளா?"